அக்கரையிலும் ஒரு பாதி

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் சங்கரலிங்கப் பெருமான் சன்னிதிக்கும் கோமதி அம்பிகை சன்னிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் எழுந்தருளியிருக்கிறார். வலப்பாதி சடைமுடியும் பிறைமதியும் மழுவும் தாங்கிய சிவபெருமான். இடப்பாதி மணிமுடியும் சங்கும் தாங்கிய திருமால். இரு பாதியும் ஒரே திருமேனி.

இத்திருக்கோலம் தோன்றிய வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர். சங்கன் சிவனடியான், பதுமன் திருமாலடியான். யாருடைய தெய்வம் பெரிது என்று இருவருக்கும் வழக்கு எழுந்தது. தீர்ப்பு வேண்டி அம்பிகையிடம் சென்றார்கள். அன்னை ஒருவரை வெற்றியாளராகவும் மற்றவரைத் தோற்றவராகவும் அறிவிக்கவில்லை. இருவருக்கும் உரிய காட்சி ஒன்றாகவே கிடைக்க வேண்டும் என்று புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி மாதத்து உத்திராட நன்னாளில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்தருளினான். அதுவே ஆடித்தபசுப் பெருவிழா. நாகர் இருவரும் பகை மறந்து அவ்வனத்திலேயே தங்கினர் என்பர். புற்றுமண் இன்றும் அத்தலத்தின் அருமருந்தாக வீடுதோறும் பேணப்படுகிறது.

இதே போன்ற நாகர் வழக்கு ஒன்று கடலுக்கு அப்பாலும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என்று அறிஞர் பலர் கருதுவர். அங்கிருந்த மணிப்பீடிகை ஒன்றுக்காக நாக அரசர் இருவர் போரிட்டதாகவும், புத்தர் பெருமான் தோன்றி அப்பகையைத் தணித்ததாகவும் அக்காப்பியம் கூறுகிறது. பௌத்தர்கள் அவ்வரலாற்றைப் போற்றி அத்தீவில் விகாரை அமைத்து வழிபடுகிறார்கள். அதே தீவில் நாகபூஷணி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். நாகம் ஒன்று நாள்தோறும் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்து அம்பிகையை வழிபட்டதாம். ஒருநாள் கருடன் அதை வழிமறிக்க, நாகம் கடல் நடுவே இருந்த பாறையைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகர் ஒருவர் நாகத்துக்காகக் கருடனிடம் மன்றாடினார். அம்பிகைக்கு ஆலயம் எழுப்பினால் வழிவிடுவதாகக் கருடன் இசைந்தது. வணிகரும் அவ்வாறே திருப்பணி செய்தார் என்பது அத்தலத்து வரலாறு.

இக்கரையில் தவம் செய்து பகை தீர்த்தவளும் அம்பிகை. அக்கரையில் பகை தீர்ந்த இடத்தில் அமர்ந்திருப்பவளும் அம்பிகை. இடையில் இருப்பது பாக்கு நீரிணை. அதைக் கடந்த வழிகளின் வரலாறு இன்றைய இளந்தலைமுறையினர் பலருக்குத் தெரியாது.

சமயகுரவர் காலத்தில் அடியார்கள் இராமேசுவரக் கரையில் நின்று ஈழத்துத் தலங்களைப் பாடினர் என்பது மரபு. திருஞானசம்பந்தர் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் அங்கிருந்தவாறே பாடிப் போற்றினார். சுந்தரமூர்த்தி நாயனாரும் திருக்கேதீச்சரத்தை அவ்வாறே பாடினார். கால் கடவாத கடலை அவர்களுடைய பாட்டுக் கடந்தது.

பிற்காலத்தில் கப்பல்கள் வந்தன. 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பியபோது யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் பாம்பனில்தான் இறங்கினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வணங்கினார். மறுநாள் இராமேசுவரத் திருக்கோயிலில் சுவாமிகள் ஆற்றிய உரையின் சாரம், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் கண்டு தொண்டு செய்வதே மெய்யான வழிபாடு என்பதாகும்.

1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடலாயிற்று. சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடித் துறைமுகத்துக்கே வரும். பயணிகள் அங்கே கப்பலேறி ஏறத்தாழ 20 மைல் கடலைக் கடப்பார்கள். தலைமன்னாரில் மற்றொரு ரயில் காத்திருக்கும். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களை இன்றும் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், கடை வைத்த வணிகர்கள், கதிர்காமம் சென்ற அடியார்கள், அங்கிருந்து சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் வந்த அன்பர்கள் அனைவரையும் அவ்வழி சுமந்தது.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வந்த ரயிலைக் கடல் விழுங்கியது. அதன் பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடப்பட்டது. 1980-களில் இலங்கையில் போர் மூளவே அதுவும் நின்றது. 2011-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கப்பெற்ற கப்பல் சில மாதங்களே ஓடியது. ஒருவர் வாலிபத்தில் விடைபெற்ற உறவினரை முதுமையிலும் காணமுடியாத நிலை இரு கரைகளிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்தது.

அவற்றுள் ஒன்று சங்கரன்கோவிலைச் சேர்ந்த குடும்பம். அதன் தலைவர் இன்று 80 வயதை நெருங்கும் அன்பர். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணம் பெரியகடையில் ஜவுளி வணிகம் செய்தவர். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குத் தவறாமல் ஊர் வருவார். திரும்பும்போது ஒரு பொட்டலம் புற்றுமண் எடுத்துக்கொண்டு, மதுரை சென்று, மானாமதுரையில் போட் மெயிலைப் பிடிப்பார். காலப்போக்கில் அவர் யாழ்ப்பாணத்தில் மற்றொரு குடும்பமும் அமைத்துக்கொண்டார். செய்தி தெரிந்த நாள் முதல் சங்கரன்கோவில் வீட்டில் அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. பணம் மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது.

1971-ஆம் ஆண்டு பங்குனியில் தந்தையார் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். தந்தி வந்து சேர்ந்தபோது மூன்று நாள் கழிந்திருந்தது. கொள்ளி வைத்தவன் அங்கிருந்த மகன். மூத்த பிள்ளைக்குரிய கடமை தம் மகனின் கையை விட்டுப் போனதைத் தாயாரால் பொறுக்க முடியவில்லை. “அந்த ஊருத் தண்ணியில இந்த வீட்டுப் பிள்ளை கால் வைக்கக் கூடாது” என்றார். மகன் தாய்ச்சொல்லைத் தட்டவில்லை. ஆண்டுதோறும் தந்தையின் திதியைப் பாபநாசத்தில் பொருநைக் கரையில் செய்துவந்தார். தாயார் மறைந்த காலத்தில் கடலில் கப்பலும் இல்லை. அக்கரையில் அமைதியும் இல்லை.

போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின், இராமேசுவர தரிசனத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் சங்கரன்கோவிலுக்கும் வந்தார். சன்னிதித் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, “பெரியப்பா” என்று காலில் விழுந்து வணங்கினார். தம்பியின் மகன். பெரியவர் உணவளித்து உபசரித்தார். ஆனால் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இளைஞரும் வற்புறுத்தவில்லை. புறப்படும்போது தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி, அம்பாள் படத்தருகில் வைத்துவிட்டுச் சென்றார். அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. பருவமழையால் சில நாள்களில் நின்ற அச்சேவை, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் ‘சிவகங்கை’ என்ற கப்பலைக் கொண்டு மீண்டும் தொடங்கியது. செய்தியைப் படித்துக் காட்டிய துணைவியார், நாளிதழை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அத்தை போயி முப்பது வருசமாச்சுங்க. மாமாவுக்கு இந்தக் கரையில மட்டும் எள்ளுந் தண்ணியும் விட்டாப் போதுமா?”

பெரியவர் அன்று விடை கூறவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடவுச்சீட்டுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று மகனிடம் கேட்டார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு என்று மகன் எடுத்துக் கூறியபோது, “அப்பா கப்பல்லதான் போனாரு” என்று மட்டும் சொன்னார்.

கப்பல் மீண்டும் தொடங்கிய பின் வந்த பங்குனியில், திதிக்கு நான்கு நாள் முன்னதாகவே இருவரும் நாகப்பட்டினம் சேர்ந்தனர். காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சி அம்மையையும் தரிசித்தனர். ஆதிசேடன் வழிபட்டதாகப் புராணம் கூறும் தலம் அது. நாள்தோறும் வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்றே கடலில் விட்டுவந்த அதிபத்த நாயனார் பிறந்து வாழ்ந்த ஊரும் அதுவே. வறுமையுற்றிருந்த நாளில் வலையில் ஒரே ஒரு பொன்மீன் சிக்கியபோதும் அதை இறைவனுக்கே விட்டவர் அவர். கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்கத் தெரிந்த அடியாரின் ஊரில் கப்பலேறுவது பெரியவருக்கு நிறைவாக இருந்தது.

துறைமுகத்தில் கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை ஆகியவை முடிய நேரமாகிறது. பின்னர்க் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ 150 பேர் அமரக்கூடிய கப்பல் அது. குளிரூட்டப்பட்ட கூடத்தில் வரிசையாக இருக்கைகள். கரை மறைந்தபின் நான்கு புறமும் நீர். பயணம் நான்கு மணி நேரம். துணைவியாருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தவாறே சிவநாமம் சொல்லிக்கொண்டு கண்மூடி இருந்தார். பெரியவரோ சாளரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆண்டுதோறும் தந்தையார் பார்த்த கடல் இதனினும் சிறிது தெற்கே. நீர் ஒன்றுதான்.

கப்பல் சேரும் காங்கேசன்துறையின் பெயரிலேயே ஒரு கடற்பயணம் அடங்கியிருக்கிறது. காங்கேயன் என்பது முருகப்பெருமானின் திருநாமம். மாவிட்டபுரம் கந்தசுவாமி ஆலயத்துக்குரிய காங்கேயன் திருவுருவம் பாரத நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்து இத்துறையில் இறங்கியமையால் இப்பெயர் பெற்றது என்பர். அவ்வாலயத்தை எடுப்பித்தவள் மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி. குதிரை முகத்தால் வருந்திய அவள், கடல் கடந்து வந்து அருகிலுள்ள கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிப் பிணி நீங்கினாள். மா ஆகிய குதிரை முகம் விட்டதனால் ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. அவளுக்கு முன்னரே நகுல முனிவர் கீரிமுகம் நீங்கப் பெற்றதால் தீர்த்தம் கீரிமலை, இறைவன் நகுலேசுவரர்.

துறைமுக வாயிலில் தம்பி காத்திருந்தார். அவருக்கும் 70 வயது கடந்துவிட்டது. இருவரும் முன்பின் கண்டதில்லை. ஆயினும் அறிமுகம் தேவைப்படவில்லை. இருவருடைய நெற்றியும் மூக்கும் தந்தையாருடையவை. தம்பி முதலில் அண்ணியை வணங்கினார். பின் அண்ணனை நோக்கி, “வாங்கோ அண்ணை” என்றார். பெரியவர் தலையசைத்தார். அன்றைய தினம் அவ்வளவே பேச்சு.

திதியன்று விடியற்காலையில் கீரிமலை. கடலோரத்தில் நன்னீர் ஊற்று. கேணியிலிருந்து வழியும் நீர் சில அடி தூரத்தில் கடலில் கலக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவர்கள் அந்தியேட்டிக் கிரியை செய்வதும், ஆடி அமாவாசையன்று திரண்டு பிதிர்க்கடன் ஆற்றுவதும் இங்கேதான். போர்க்காலத்தில் இப்பகுதி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் வெளியேற்றப்பட்டனர். கோயிலும் சிதைவுற்றது. போர் முடிந்தபின் திருப்பணி நடைபெற்று, இப்போது முறையாகப் பூசை நடக்கிறது.

தந்தையாருடைய அஸ்தி கரைந்த நீரும் அதுவே. நீராடிக் கரையேறிய பெரியவர், இளையவர் கடனாற்றத் தாம் அருகில் நின்று கைகூப்புவதே முறையோ என்று தயங்கினார். இங்கே கொள்ளி வைத்தவர் அவரல்லவா? அப்போது தம்பி சொன்னார்: “ஐயாவின்ரை திதியை ஒரு வருசமும் விடேல்லை, அண்ணை. இஞ்சை வர விடாத காலத்திலை வேறை கடற்கரையிலை நிண்டு செய்தனான். குருக்களிட்டைச் சொல்லி, சங்கற்பத்திலை மூத்த மகன் எண்டு உங்கடை பேரைத்தான் முதல் சொல்லுவிக்கிறனான். ஐயா கண்மூடேக்கை அப்பிடித்தான் சொன்னவர்.”

தம் கையை விட்டுப் போய்விட்டது என்று தாயாரும் தாமும் எண்ணியிருந்த உரிமை, ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கடலுக்கு அப்பால் தம் பெயரிலேயே நிறைவேறி வந்ததைப் பெரியவர் அன்று அறிந்தார். தருப்பையை வாங்கி அணிந்துகொண்டார். “நீயும் பக்கத்துல உக்காரு தம்பி” என்றார். அவர் வாயிலிருந்து தம்பி என்ற சொல் வந்தது அதுவே முதன்முறை. இருவரும் அருகருகே அமர்ந்து எள்ளும் நீரும் விட்டனர். துணைவியார் சற்றுத் தள்ளி நின்று, மாமியாரை நினைத்துக் கடலை நோக்கிக் கும்பிட்டார்.

தம்பி வீட்டுப் பூசையறையில் சங்கரநாராயணர் படம் ஒன்று மங்கிப்போய் இருந்தது. அதன் கீழே பித்தளைச் சம்புடம். உள்ளே கையளவு புற்றுமண். இடப்பெயர்வுகளில் வீட்டை விட்டு ஓடியபோதெல்லாம் நகையோடு அதையும் முடிந்துகொண்டு சென்றதாகத் தம்பியின் மனைவி கூறினார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் இன்றும் அதில் சிறிது குழைத்து நெற்றியில் இடுகிறார்கள்.

மறுநாள் அனைவரும் நயினாதீவு சென்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் வரை பேருந்துப் பயணம்; அங்கிருந்து படகு. சிறிது நேரத்தில் கோபுரம் நீரின் மேலே எழுவது போலத் தோன்றும். நாகம் சுற்றிய கல்லையும் கருடன் இருந்த கல்லையும் தம்பியின் மகன் காட்டி வரலாற்றைச் சொன்னார். பெரியவர் பதிலுக்குச் சங்கன், பதுமன் கதையைக் கூறத் தொடங்கினார். “தெரியும் பெரியப்பா, அப்பா சொல்லுறவர். அவருக்கு அப்பப்பா சொன்னவராம்” என்றார் இளைஞர்.

இப்பயணம் செல்ல விரும்பும் முதியவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்வது நலம். கடவுச்சீட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் இன்றியமையாதவை. கப்பல் புறப்படும் நாள்கள் மாறக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவதுண்டு. எனவே முன்கூட்டியே விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். திதி போன்ற குறித்த நாளுக்குச் செல்வோர் சில நாள்கள் முன்னதாகவே செல்வது நல்லது. மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். கப்பலேறுமுன் வயிறு நிறைய உண்பதைத் தவிர்க்கலாம். அக்கரையில் கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர், நயினாதீவு ஆகிய நான்கையும் மூன்று நாள்களில் நிதானமாகத் தரிசிக்க இயலும். நாள் கூடுதலாக இருப்பவர்கள் மன்னாரை அடுத்த திருக்கேதீச்சரம் சென்று பாலாவியில் நீராடி வரலாம்.

அக்கரையில் உறவு இல்லாதவர்களுக்கும் இப்பயணத்தில் பயன் உண்டு. பகையால் பிரிந்தவர்கள் நம்மில் பலருக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் செல்வதற்குக் கப்பல் வேண்டுவதில்லை, கடவுச்சீட்டும் வேண்டுவதில்லை. சங்கனும் பதுமனும் வழக்குக்காகச் சென்றாலும், சென்ற இடம் அன்னையின் சன்னிதியாக இருந்தது. வருகிற ஆடித்தபசில் சங்கரநாராயணர் சன்னிதியில் நிற்கும்போது, வலப்பாதியையும் இடப்பாதியையும் ஒருசேரத் தொழுது, மனத்தில் விலக்கி வைத்திருக்கும் ஓர் உறவின் பெயரையும் அர்ச்சனையில் சேர்த்துச் சொல்வோம். கோமதி அம்பிகை அருள்வாளாக.